தேவதானத்துத் தூக்குவாளி

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஒரு கடலைப் பொட்டலத்தைத் தின்று முடிப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போன எனக்கு அம்மா கட்டிக் கொடுத்த சாமான்களை ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. கட்டில், மெத்தை, மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மிக்ஸி, இட்லிக் கொப்பரை, அண்டா, குடம், ஒரு சின்னக் கல்யாணத்துக்குப் பந்தி வைக்கிற அளவுக்குச் சில்வர் பாத்திரம். டிரைவர் வண்டியைக் கிளப்பிய பிறகும் விடாமல், பின்னாலேயே ஓடி வந்து மாவு அரைக்கிற கிரைண்டரையும் ஏற்றினாள். நான் அதுவரை உளுந்தை ஊறப் போட்டவன் இல்லை. அதற்குப் பிறகும் போடவில்லை.

வீட்டிலிருந்தே போய்வந்தால் என்ன என்று கேட்காத ஆள் கிடையாது. படிக்க அமைதி வேண்டும் என்றேன். வீட்டில் அமைதி இல்லாததற்குக் காரணமாக அக்காவைக் கைகாட்டினேன். அக்கா பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் போனும் கையுமாக, "அண்ணே, லாரி எங்க நிக்கி?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் போடுகிற சத்தத்துக்குப் போனே தேவையில்லை, லாரிக்காரனுக்கு நேராகவே கேட்கும் என்று நான் சொல்வேன். அப்படிப்பட்ட என்னைத் தனி அறைக்கு அனுப்ப அம்மாவிடம் பரிந்து பேசியவளும் அவள்தான். "போகட்டும்மா. அவந் துணிய அவனே தொவைச்சுப் பாக்கட்டும். பொறவு வாய் கொறையும்" என்றாள்.

தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் மாடி அறை. கீழே பிளவுஸ் தைக்கிற வீட்டுக்காரம்மா. தெருவே அவரை ஓனரக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். சாமான்களை ஏற்றி முடித்த பிறகு அறையில் எனக்கு இடமில்லை. கட்டிலை விட்டு இறங்கினால் கிரைண்டர், கிரைண்டரைத் தாண்டினால் அண்டா, அண்டாவுக்குள் என் புத்தகங்கள். படிக்க வேண்டுமென்றால் அண்டாவுக்குள் குனிய வேண்டும். முதல் வருடம் முழுக்க இப்படிக் குனிந்தே படித்தேன்.

இரண்டாம் வருடம் தொடங்கியபோது போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒரு பையன். வெள்ளைச் சுவர் அறை. ஒரு பாய், ஒரு கிண்ணம், இரண்டு சட்டை. மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டானாம். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். மெதுவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் நானும் சிரித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு அம்மா என்று ஒருத்தி உண்டா, அவள் என்ன சொன்னாள் என்பதை வீடியோவில் காட்டவில்லை. அதை யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கொடுப்பது சுலபம் என்று நினைத்தேன். முதலில் ஓனரக்காவிடம் மிக்ஸியையும் கிரைண்டரையும் இறக்கினேன். கரண்டில் ஓடுகிற பொருள் என்பதால் அதிகம் கேள்வி கேட்காமல் வைத்துக்கொண்டார். அடுத்து இட்லிக் கொப்பரையைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கொப்பரை என் வாசலில் இருந்தது, உள்ளே இட்லியும் ஒரு கிண்ணம் சட்னியும். அக்கா, இது உங்களுக்கே உங்களுக்கு என்று விளக்கிச் சொல்லித் திரும்பக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் கொழுக்கட்டையோடு வந்தது.

"தம்பி, இதுல ஒங்கம்மா பேரு வெட்டியிருக்கு. பேரு வெட்டுன ஏனத்த நான் வச்சுக்கிட்டா நாலு பேரு என்ன சொல்லுவாக? எடுத்துக்கிட்டேன்னுதான சொல்லுவாக?"

"சரிக்கா, திருப்பித் தாரதுன்னா சும்மா தர வேண்டியதுதான. எதுக்குக் கொழுக்கட்ட?"

"வெறும் பாத்திரமாவா தருவாக?" என்றார். இப்படிக் கேட்கிறவனை யார் எம்.எஸ்ஸி.யில் சேர்த்தது என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தந்துவிடுவார்கள். வெட்டிய பிறகு அந்தப் பாத்திரம் எத்தனை வீடு சுற்றினாலும் சொந்த வீட்டுக்கு வழி தெரிந்து வந்துவிடும். வரும்போது வெறுமையாகவும் வராது. பலகாரம் இல்லையென்றால் இரண்டு வெங்காயமாவது, அதுவும் இல்லையென்றால் ஒரு பிடிச் சீனியாவது உள்ளே கிடக்கும். எளிமையாக வாழ ஆரம்பித்த முதல் வாரத்தில் என் பேண்ட் இடுப்பில் இறுகியது.

பிறகு வழி கண்டுபிடித்தேன். காலேஜ் ஹாஸ்டலில் வெளிமாவட்டத்துப் பையன்கள் இருந்தார்கள். பெயர், வழக்கம் எதையும் பார்க்காமல் பாத்திரங்களை அப்படியே அள்ளிக்கொண்டார்கள். அண்டாவை எடுத்துக்கொண்டவன் அதில் துணி ஊற வைத்தான். கட்டில் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் வீட்டுக்குப் போனது. நாற்காலிகள் தேரடி டீக்கடைக்குப் போயின. ஆடி பிறந்தபோது என் அறையில் ஒரு பாய், ஒரு மண்பானை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு சட்டை, சுவரோரம் அடுக்கிய புத்தகங்கள். நடந்து பார்த்தேன். எட்டு வைக்க இடமிருந்தது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குத் தேவதானத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தார். சொந்தத் தென்னந்தோப்பு, கூடவே ஒரு வேலை. பேசி முடித்தாயிற்று. ஆடியில் எதுவும் செய்ய மாட்டார்கள், ஆவணியில் நிச்சயம் என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதற்கு முன்னால் பல பேர். காபி குடித்துவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புவார்கள். ஒருவர் வயது கூட என்பார், ஒருவர் சம்பளம் கூட என்பார். அக்கா அதையெல்லாம் அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டிச் சிரிப்பாள். தேவதானத்துக்காரர் வந்து போன அன்று மட்டும் யார் குரலிலும் பேசிக் காட்டவில்லை. சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தது எங்கள் வீட்டுக்குப் புதிது.

இங்கே ஆடி அமாவாசை நெருங்கியது. சாமியார்கள் குடியிருக்கிற சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டம் பஸ் பஸ்ஸாக ஊரைக் கடந்துகொண்டிருந்தது. டீக்கடை அண்ணாச்சி நான் கொடுத்த நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, ஒண்ணொண்ணா எல்லாத்தையும் குடுத்துட்டு வாரீகளே. மலை ஏறிருவீகளோ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாக, "மனசு சொன்னா கெளம்பிர வேண்டியதுதான் அண்ணாச்சி" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடி முன்னால் பழகிய அந்தச் சாந்தமான சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தேன். அப்பா வேலை பார்க்கிற மில்லில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் பக்கத்து பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவருக்கு அன்று ராத்திரி ஷிப்ட்.

காலையில் விஷயம் அம்மா காதுக்குப் போயிற்று. எனக்கு போன் அடித்தாள், சுவிட்ச் ஆப். அதற்குக் காரணம் ஞானம் இல்லை, சார்ஜர். இரண்டு சார்ஜர் எதற்கு என்று ஒன்றை ஹாஸ்டல் பையன் ஒருவனுக்குக் கொடுத்திருந்தேன். கையில் மிச்சம் வைத்துக்கொண்டது வேலை செய்யாதது. அன்று அமாவாசை. அறையைப் பூட்டிவிட்டு, கொடுத்த சார்ஜரை இரவல் கேட்க ஹாஸ்டலுக்குப் போனேன். போன இடத்தில் சமையலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். ஓனரக்காவும் அமாவாசைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்.

அப்பா வந்திருக்கிறார். பூட்டிய கதவைப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டது ஒரு பாயும் ஒரு பானையும். வேறு எதையும் யாரிடமும் கேட்காமல் நேரே பஸ் ஏறி, வ. புதுப்பட்டி வழியாக மலையடிவாரத்துக்குப் போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் நாள் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் ஹாஸ்டலில் அம்மாவின் அண்டாவில் வைத்த சாம்பார் சாதத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நான் அறைக்கு வந்தபோது அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்கப் புழுதி. என்னைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேம்ப்பா. நீங்க எங்க இங்க?"

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன். பஸ்ல ஒரே கூட்டம்." பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார். வழியில் எனக்குப் பசிக்குமே என்று வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டார். அன்று எங்கே போனார் என்று அவர் வாயால் இன்றுவரை சொன்னதில்லை.

சொன்னது அக்கா. மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலிலேயே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏலே, இது ரூமா? இல்ல பேங்க்காரன் வந்து ஜப்தி பண்ணிட்டுப் போன வீடா?"

எளிமையைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆரம்பித்தேன். அவள் பாயில் உட்கார்ந்து, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அதுவே முதல் தடவை. பேச்சை நானே நிறுத்திவிட்டேன்.

"அப்பா நேத்து மலையடிவாரத்துல நின்னு வாரவுக போறவுககிட்டயெல்லாம் 'எம்பையனப் பாத்தீகளா'ன்னு கேட்டுருக்காரு. அப்படிக் கேட்டதுல ஒருத்தரு யாரு தெரியுமா? மாப்பிள்ளையோட சித்தப்பா."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. நாற்காலி டீக்கடையில் இருந்தது.

"தேவதானத்துல இப்ப ஊரு பூராவும் பேச்சு. பொண்ணோட தம்பி சாமியாராப் போறானாம். மாப்பிள்ளையோட அம்மா நம்ம அம்மாகிட்ட போன்லயே கேட்டுட்டாக. 'நாளைக்குப் பேரப்புள்ளைக்குக் காது குத்தணும்னா யாரு மடியில வச்சுக் குத்துறது? இருக்கது ஒத்தத் தாய்மாமன். அவனும் மலைக்குப் போயிட்டா?'ன்னு."

நிச்சயம் ஆகவில்லை. கல்யாணம் ஆகவில்லை. பிறக்காத பிள்ளையின் காதுக்கு ஊசி தயாராகிவிட்டது, மடியை மட்டும் காணோம். வேறு நேரமாக இருந்தால் நான் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன், அக்கா அந்த அம்மாவின் குரலில் பேசிக் காட்டியிருப்பாள். ஆனால் விளையாட்டில்லை. எங்கள் பக்கத்தில் மொட்டை போடுவதற்கும் காது குத்துவதற்கும் தாய்மாமன் வேண்டும், சீர் வேண்டும், மடி வேண்டும். தாய்மாமன் இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். தாய்மாமன் இருந்தும் அவன் துறவி என்றால் இன்னும் மோசம்.

"தேரு பாக்க வார சாக்குல நாளக் கழிச்சு ஒன்னியப் பாக்க வாராக. பாத்துட்டுத்தான் ஆவணியப் பத்திப் பேசுவாகளாம்." பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "இத்தன பேரு வந்து பாத்துட்டுப் போனாக. ஒருத்தரும் வேண்டாம்னதுக்கு நான் அழுதது கெடையாது. இந்த ஒண்ணு எனக்குப் புடிச்சிருந்துச்சுலே."

நான் பயந்துபோனேன். அக்கா என் முன்னால் குரல் தாழ்த்திப் பேசி அதுவரை கேட்டதில்லை.

கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கி வை என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். போனேன். பஞ்சர் கடைக்காரர் வீட்டில் கட்டிலின் மேல் அவருடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா, குழந்தை தரையில் படுத்து எறும்பு கடித்தது போய் இப்போதுதான் தூங்குகிறது என்று சொல்லிக் காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். டீக்கடையில் நாற்காலிகள் நிறைய ஆள். அண்ணாச்சி எனக்கும் ஒரு டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வேண்டும். என் வாயெல்லாம் அக்காவிடம்தான்.

ஆடிப்பூரத் தேர் அன்று ஊருக்குள் பஸ் வராது. வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டிலிருந்து அம்மாவும் அப்பாவும் பாத்திரங்களும் ஜமுக்காளமுமாகக் காலையிலேயே வந்து அறையை நிரப்புவதாக ஏற்பாடு. அவர்கள் இறங்கி நடந்து ரத வீதிக் கூட்டத்தில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். தேவதானத்துக்காரர்கள் விவரமானவர்கள், விடிவதற்கு முன்னாலேயே வேனில் வந்து இந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். ஒரு வேன் நிறைய.

மாப்பிள்ளையின் அம்மா, முறைக்கு எனக்கு அத்தை, முதலில் மாடி ஏறி வந்தார். பின்னால் மாப்பிள்ளையின் அப்பா, அடிவாரத்தில் என் அப்பா விசாரித்த சித்தப்பா, சித்திமார், பிள்ளைகள். அத்தையின் கையில் ஒரு பெரிய தூக்குவாளி. அறை முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிட்டார். பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

"இந்தா தம்பி, பணியாரம். எதுலயாச்சும் மாத்திக்கிட்டு வாளியக் குடு."

நான் வாளியை வாங்கிக்கொண்டு நின்றேன். மாற்றுவதற்கு ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன. பானையில் தண்ணீர் இருந்தது. பணியாரத்தைச் சட்டையில் மாற்றலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

நல்லவேளையாகக் கீழே ஓனரக்கா வேனைப் பார்த்துவிட்டார். வாசலில் நின்று எதிர்வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்தார். "எக்கா, நம்ம மாடித் தம்பிக்குச் சம்பந்தகாரக வந்திருக்காக." அவ்வளவுதான். தெருவுக்கு அது போதும். பஞ்சர் கடைக்காரர் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். டீக்கடையிலிருந்து நாற்காலிகள் வந்தன, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு எடுத்து வந்ததாக அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார். எதிர்வீட்டு டம்ளர், பக்கத்து வீட்டுத் தட்டு, மூன்றாம் வீட்டு ஜக். கீழே என் மிக்ஸி சட்னி அரைத்தது. செத்த நேரத்தில் அறையில் மறுபடியும் எனக்கு இடமில்லை.

மாப்பிள்ளையின் அப்பா கட்டிலைப் பார்த்ததும் படுத்துவிட்டார். எல்லாருக்கும் காபி போயிற்று. அத்தை குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைக்காமல் கவிழ்த்துப் பெயரைப் படித்தார். பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துப் படித்தார். பிறகு தட்டு, ஜக், கரண்டி. பாத்திரத்தைப் படிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று தெரிந்தது.

"இதுல எதுலயும் ஒங்க வீட்டுப் பேரு இல்லையே தம்பி."

"இல்ல அத்தை. எங்க வீட்டுத எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"ஏன்?"

எத்தனையோ பதில் வைத்திருந்தேன். வீடியோ பையன் சொன்னது, நானாக யோசித்தது, எல்லாம் நல்ல வாக்கியங்கள். அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. "சும்மாதான் அத்தை. நடக்க எடம் இல்லாம இருந்துச்சு" என்றேன்.

"மலைக்குப் போற எண்ணம் கெடையாதே?"

"இந்த மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும் அத்தை."

சித்தப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. இந்த இடத்தில் ஓனரக்கா என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்து, வாசலில் நின்றபடி நல்ல சான்றிதழ் ஒன்று கொடுத்தார்.

"தங்கமான பையன்க்கா. இந்த வயசுல ஒரு பொருளு மேலயும் ஆசையே கெடையாது. சினிமா இல்ல, சிகரெட் இல்ல. ஒரு சோலி இல்லாம அப்படியே செவத்தப் பாத்து உக்காந்திருக்கும்."

அவரை நான் அன்று மனதார வெறுத்தேன். வெளியே தேர் இழுப்பவர்களின் குரல் மட்டும் கேட்டது. அக்கா ராஜபாளையத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன்.

அத்தை மறுபடி டம்ளர்களைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் காட்டி, இது எந்த வீடு, இது எந்த வீடு என்று ஓனரக்காவிடம் கேட்டுக்கொண்டார். பிறகு கட்டிலில் கண்ணை மூடியிருந்த வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார்.

"இந்தாங்க, கேட்டீகளா. இம்புட்டுப் பாத்திரத்தையும் இவந்தான திருப்பிக் குடுக்கணும்? வெறும் பாத்திரமா குடுக்க முடியுமா? ஒண்ணு ஒண்ணுலயும் எதாச்சும் போட்டுத்தான குடுக்கணும்? இவன் போட்டுக் குடுத்தா அவிய சும்மா இருப்பாகளா? பொறவு ஒரு நாளு அவிய ஒண்ணு குடுத்துவிடுவாக. இது எங்க முடிய, இவன் எங்க மலை ஏற?"

மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் திறக்காமலே, "அதான" என்றார். அந்தக் குடும்பத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தேர் பார்க்கக் கிளம்பினார்கள். ஓடிப்போய் வாளியை நீட்டினேன், பணியாரத்தை இப்போது மாற்றித்தர எத்தனையோ பாத்திரம் இருந்தது. அத்தை வாங்கவில்லை.

"வாளி இங்கயே இருக்கட்டும் தம்பி. நீயே ஒரு நாளு தேவதானத்துக்குக் கொண்டாந்து குடு."

அவர்கள் தெருவைத் திரும்பியதும்தான் அம்மாவும் அப்பாவும் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அம்மா தலையில் ஒரு பாத்திர மூட்டை. அறைக்குள் கட்டிலையும் நாற்காலிகளையும் பார்த்தாள். "எல்லாம் இருக்கத்தான செய்யுது. எவன் சொன்னான் குடுத்துட்டான்னு?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பணியாரம் தின்றார்.

நான் மொட்டைமாடிக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னலே சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. பணியாரம் கொண்டாந்தாக."

"எதுல மாத்துன? ஒங்கிட்டதான் ஒண்ணும் கெடையாதே."

"மாத்தல. வாளிய இங்கயே வச்சுட்டுப் போயிட்டாக. நான் தேவதானத்துக்குக் கொண்டுபோயிக் குடுக்கணுமாம்."

லாரிக்காரர்களை நடுங்க வைக்கிறவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஏலே, வெறும் வாளியா கொண்டு போயிராத" என்றாள்.

கொண்டு போகவில்லை. ஆவணியில் நிச்சயத்துக்கு முன்னால் பால்கோவா நிறைத்து எடுத்துப் போனேன். தெருப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க அம்மா முறுக்குச் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். அத்தை சொன்னபடியே அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. கட்டிலும் நாற்காலிகளும் தேர் அன்று சாயங்காலமே போன இடத்துக்குத் திரும்பப் போய்விட்டன. பாயும் பானையும்தான் எனக்கு மிச்சம், அதில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

தை மாதம் கல்யாணம். அக்காவை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் ராஜபாளையம் வீட்டில் அவளுடைய அலமாரியைத் திறந்தேன். ஒரு ஹேர்பின்கூட இல்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே காலியாக, சுத்தமாக இருந்தது. வீட்டில் சத்தமும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, காரணமே இல்லாமல் அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மாவும் பதிலுக்குப் போட்டாள். இரண்டு பேருக்கும் கொஞ்சம் தேவலை ஆனது.

எம்.எஸ்ஸி. முடித்து இப்போது பி.எட். படிக்கிறேன், அதே அறை, அதே பாய். போன வருடம் அக்காவின் மகளுக்குக் காது குத்தினார்கள். என் மடியில் வைத்துத்தான். ஊசி பட்டதும் என் சட்டைக் காலரைக் கிழித்துவிட்டாள். சத்தம் அப்படியே அவள் அம்மாவுடையது. இரண்டு சட்டையில் ஒன்று அன்றோடு போயிற்று.

வாளி மட்டும் இன்னும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நான் எதையாவது போட்டு எடுத்துப் போகிறேன். கிளம்பும்போது அக்கா அதிலேயே எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அடுத்த தடவை நான் மறுபடி கொண்டுபோயாக வேண்டும். பேசாமல் அங்கேயே வைத்துக்கொள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், காதில் விழாதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

எப்ப வாரலே என்று அவள் இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. தம்பியைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது என்றெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. போன் போட்டதும், லாரிக்காரரிடம் கேட்கிற அதே குரலில், "ஏலே, வாளி எங்க நிக்கி?" என்பாள். நேற்றும் கேட்டாள். இங்கேதான் நிற்கிறது, ஜன்னலோரம், பானைக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.